கார் கதவின் உள்பக்கத் துருவுக்கு எது மேல்: மெழுகா, எபாக்ஸியா, பழைய ஆயிலா?

என் 1986 பத்மினியின் இடது பின் கதவில் வெளியே பார்த்தால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் பொங்கியிருந்தது, அவ்வளவுதான். கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டையான பேடைக் கழற்றியபோது ஊறிப்போன ஹார்டுபோர்டு கையோடு பிய்ந்து வந்தது. கதவின் அடியில் கைவிட்டு வழித்தேன். ஒரு கை நிறையத் துருச் செதில், அதோடு மக்கிய வேப்பிலை, களிமண். ஸ்க்ரூடிரைவர் முனையால் அடி மடிப்பை லேசாக அழுத்தினேன். தகடு அப்பளம் போல் நொறுங்கி முனை வெளியே வந்துவிட்டது.

எங்கள் டிங்கர் எட்டிப் பார்த்தார். "மேல பட்டி போட்டு மூடிடலாம், தம்பி. ஆனா அடுத்த தீபாவளி மழைக்கு மறுபடியும் இங்கதான் வந்து நிப்பீங்க" என்றார். "அப்போ உள்ள என்ன அடிக்கிறது, அண்ணே?" என்று கேட்டேன். ஒருவர் எபாக்ஸி என்கிறார், ஒருவர் மெழுகு என்கிறார், பக்கத்துப் பட்டறைக்காரர் பழைய எஞ்சின் ஆயிலே போதும் என்கிறார், அவரவர் பாடு என்று சிரித்தார்.

காரை முழுவதுமாகப் பிரித்துச் சீரமைத்துக்கொண்டிருந்த நேரம் அது. நான்கு கதவும் நான்கு நிலையில் இருந்தன. ஒன்றுக்கு வெளித் தகட்டையே கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றுக்கு அடியில் நான்கு அங்குலம் வெட்டி ஒட்டுப் போட வேண்டும். மற்ற இரண்டும் மேல்துருவோடு தப்பித்திருந்தன. அதனால் ஒரே மருந்தை நான்குக்கும் போட முடியவில்லை. அப்போது தேடிப் படித்ததும், பூசிப் பார்த்ததும், மூன்று மழைக்காலம் கழித்துத் திரும்பத் திறந்து பார்த்ததும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பத்மினிக்கு மட்டும் என்றில்லை. அம்பாசடரோ, வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வைத்திருப்பவருக்கும் கணக்கு இதேதான்.

தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும்

கார் கதவு என்பது தண்ணீர் புகாத பெட்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கண்ணாடி ஏறி இறங்க ஒரு பிளவு வேண்டும். அந்தப் பிளவின் இரு பக்கமும் ரப்பர் பீடிங் இருந்தாலும் மழைநீர் கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் இறங்கும். கார் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கதவின் அடியில் நீர் வடிய ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். பத்மினி, அம்பாசடர் போன்ற வண்டிகளின் முன் கதவில் இன்னொரு வழியும் உண்டு: திறந்து மூடும் அந்த முக்கோணக் கண்ணாடி. அதன் அடி ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் மழை நேராகக் கீலின் பக்கமாக உள்ளே இறங்கும்.

வந்த தண்ணீர் வடிந்துவிட்டால் பிரச்சினை பாதிதான். ஓட்டையில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் கதவின் அடி ஒரு தொட்டியாகிவிடும். அதைவிட மோசமான இடம் மடிப்பு. வெளித் தகட்டின் ஓரத்தை உள்சட்டத்தின் விளிம்பைச் சுற்றி மடித்து அழுத்தியிருப்பார்கள், பாவாடை ஓரத்தை மடித்துத் தைத்தது போல. இரண்டு தகட்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. திரியில் எண்ணெய் ஏறுவது போல் தண்ணீர் தானாகவே அதற்குள் ஏறிக்கொள்ளும். காற்று போகாது, காயவும் காயாது. அங்கே துரு பிடிக்கத் தொடங்கினால், துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும் என்பதால், அது மடிப்பைப் பிளக்கும். பிளந்த இடத்தில் இன்னும் தண்ணீர் ஏறும். வெளியே பெயிண்ட் பொங்கித் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

இன்றைய கார்களில் முழு உடலையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் மூலைமுடுக்கெல்லாம் பூச்சு ஏற்றுகிறார்கள். துத்தநாகம் பூசிய தகடும் பரவலாகிவிட்டது, மடிப்புக்குள் பசையும் வைக்கிறார்கள். என் பத்மினிக் கதவைப் பிரித்தபோது மடிப்புக்குள் பார்த்தது வெறும் தகடு.

நான் வண்டியை நிறுத்துவது திருவான்மியூரில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். மழை இல்லாத தை மாதத்தில்கூட விடியற்காலையில் கதவின் உள்தகட்டைத் தொட்டால் விரல் நனையும். அந்த ஈரத்தில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதனால் எனக்குக் கிடைத்த ஒவ்வொரு யோசனையையும் முதலில் ஒரே கேள்வியால்தான் அளந்தேன்: அந்த மடிப்புக்குள் இது போகுமா?

பட்டறையில் சுலபமாகக் கிடைப்பவை

பழைய எஞ்சின் ஆயிலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைச் சொல்பவர்களிடம் உண்மை இருக்கிறது. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் வண்டியின் அடியில் ஆயில் அடித்து அனுப்பும் பழக்கம் நம் ஊரில் வெகுநாளாக உண்டு. ஆயில் மடிப்புக்குள் போகுமா? அருமையாகப் போகும். தண்ணீர் ஏறும் அதே வழியில் அதுவும் ஏறும்.

ஆனால் ஓடிய ஆயிலில் எரிபொருள் எரிந்து உண்டான அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். துருவைத் தடுக்கப் பூசுவதில் அமிலம் இருந்தால் என்ன பயன்? தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடிய பொருள்களும் அதில் உண்டு. வெறுங்கையால் கதவுக்குள் தடவுகிற வேலை இது. கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலும் பீடிங்கும் ஊறி உப்பும். வடிகிற ஆயில் கதவின் அடி ஓரத்தில் கோடு கோடாக இறங்கித் தூசியைப் பிடிக்கும். பின்னாளில் அந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டிவந்தால் பெயிண்டர் கண்ணீர் விடுவார், எங்கேயோ ஒரு மூலையிலிருந்து ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். இத்தனையும் பொறுத்தாலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் அது நிற்காது. புது ஆயிலில் கிரீஸைக் கரைத்து அடிப்பது இதைவிடச் சுத்தம், ஆனால் ஆயுள் ஏறக்குறைய அதே அளவுதான்.

அடுத்தது தார் கோட்டிங். அண்டர்பாடி கோட்டிங் என்ற பெயரில் கருப்பாக, கெட்டியாக அடிப்பார்களே, அது. இதில் எனக்குச் சொந்த அடி விழுந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன், இந்தச் சீரமைப்புக்கு முன்னால், ஒரு பட்டறையில் வண்டியின் அடிப்பக்கத்துக்கு அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். கதவின் உள்ளேயும் சேர்த்து அடித்துக் கொடுத்தார்கள், அதற்குத் தனிக் காசும் வாங்கிக்கொண்டார்கள். பார்க்க உறுதியாக இருந்தது, கதவை மூடினால் 'டொப்' என்று கனமான சத்தம் வேறு. எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு இடது முன் கதவில் அந்தத் தாரை ஸ்கிரேப்பரால் உரித்தபோதுதான் தெரிந்தது, அடியில் இருந்த மூன்று வடிகால் ஓட்டைகளில் இரண்டை அது மூடிவிட்டிருந்தது. தார் அடை அடையாகத் தகட்டை விட்டுக் கழன்று வந்தது, ஒவ்வோர் அடையின் பின்பக்கமும் ஈரமான செந்துரு.

தார்ப் பூச்சு காலப்போக்கில் இறுகி வெடிக்கும். வெடிப்பின் வழியே போகும் தண்ணீர் பின்னால் மாட்டிக்கொள்ளும். மடிப்புக்குள் போகுமா என்றால் போகாது, மடிப்பின் வாயை மூடிவிட்டு உள்ளே இருக்கும் ஈரத்தைச் சிறை வைக்கும். வண்டியின் அடிப்பக்கத்தில் கல்லடிக்குத் தாங்க அதற்கு இடம் உண்டு. கதவுக்குள் வேண்டவே வேண்டாம்.

பிரைமர்கள்

ரெட் ஆக்சைடு நம் எல்லோருக்கும் பழகியது. கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற அதே சிவப்பு. அது தண்ணீரை முழுதாகத் தடுக்கும் பூச்சு கிடையாது, மேலே இன்னொரு பெயிண்ட் வரும் என்ற நம்பிக்கையில் அடிப்பது. கதவுக்குள் அதற்கு மேல் யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. எனவே அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

எபாக்ஸி பிரைமர் வேறு ஜாதி. பிரைமரும் ஹார்டனரும் தனித்தனி டப்பாவில் வரும், தயாரித்தவர் சொன்ன அளவில் கலந்து, சொன்ன நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். வேதி வினையால் இறுகுவதால் தகட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், ஈரமும் உப்பும் ஊடுருவுவது மிகக் குறைவு. சுத்தமான, எமரி தேய்த்த தகட்டில் இதைவிட நல்ல அடிப்படைப் பூச்சு ஒரு பட்டறையில் கிடைக்காது என்பது என் முடிவு. அதன் குறை முழுவதும் அந்த 'சுத்தமான தகடு' என்ற நிபந்தனையில்தான் இருக்கிறது. மூடிய கதவுக்குள், கை நுழைகிற ஓட்டை வழியாக, மடிப்பின் ஓரத்தை யாராலும் எமரி தேய்க்க முடியாது. துருத் தூளின் மேல் அடித்த எபாக்ஸி அந்தத் தூளோடு சேர்ந்து உரிந்துவரும். அதனால் வெளித் தகட்டைக் கழற்றுகிறவர்களுக்கு எபாக்ஸி வரம், கழற்றாதவர்களுக்கு அதில் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

துருவின் மேலேயே அடிக்கலாம் என்று விற்கப்படும் பூச்சுகளில் பெயர் பெற்றது பி.ஓ.ஆர்.15 என்ற அமெரிக்கத் தயாரிப்பு. காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும் யூரிதேன் வகை. சொரசொரப்பான துருத் தழும்பில் பாறை போல் பிடிக்கும், பளபளப்பான புதுத் தகட்டில் சரியாகப் பிடிக்காமல் தோலாக உரியும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு புதுத் தகட்டில் அடித்து ஏமாந்தவர்கள் உண்டு. வெயில் பட்டால் கெடும், கதவுக்குள் அந்தக் கவலை இல்லை. நம் ஊர் ஈரத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் மிச்சம் முழுவதும் இறுகிப்போகும். மூடியில் பட்டுக் காய்ந்தால் பிறகு திறக்கவே வராது, நடுவில் ஒரு பாலிதீன் தாளை வைத்து மூட வேண்டும். கையில் பட்டால் நாள் கணக்கில் போகாது. கதவின் அடியில் தட்டையாக, கண்ணுக்கும் பிரஷுக்கும் எட்டும் இடத்தில் பழைய துருத் தழும்பு நிறைய இருந்தால் இது பொருத்தம். மடிப்புக்குள் இறங்குமா? கொஞ்சம் இறங்கும், உள்ளே ஈரம் இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும்.

துத்தநாகம் கலந்த பிரைமரைப் பற்றி ஒரு வார்த்தை. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அதற்கு அது வெறும் இரும்பை நேராகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். துருவின் மேலோ பழைய பெயிண்டின் மேலோ அடித்தால் அது சாம்பல் நிறப் பெயிண்ட், அவ்வளவுதான். ஸ்பாட் வெல்டிங்குக்கு முன் இரண்டு தகடும் சேரும் முகத்தில் அடிக்க இது ஏற்றது. கேஸ் வெல்டிங் சூட்டில் பற்றவைத்த இடத்தைச் சுற்றி எரிந்துவிடும். சிலர் ஒட்டுப் போடவே துத்தநாகம் பூசிய தகட்டை எடுக்கிறார்கள். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் பற்றவைக்கும் ஓரத்தில் துத்தநாகத்தை அரைத்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வெள்ளைப் புகை வேலை செய்பவருக்குக் காய்ச்சல் வரவைக்கும். நான் சாதாரண 20 கேஜ் தகட்டோடு நின்றுகொண்டேன்.

பவுடர் கோட்டிங்கும் யோசித்தேன். சென்னையில் அம்பத்தூர் பக்கம் அதற்கு நிறைய இடம் இருக்கிறது. விசாரித்ததில் இரண்டு தடை. மின்னேற்றத்தால் ஒட்டும் அந்தப் பவுடர், பெட்டி போன்ற உள்மூலைகளுக்குள் சரியாக நுழையாது. அதாவது நமக்கு வேண்டிய இடத்தைத்தான் விட்டுவிடும். அப்புறம் 180, 200 டிகிரி சூட்டில் வேகவைக்கும்போது தகட்டின் பள்ளத்தை மூட முன்பு உருக்கி நிரப்பிய ஈயம் எங்காவது இருந்தால் இளகிவிடும். சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் பாகத்துக்கும் சரி, கதவுக்கு ஒத்துவரவில்லை.

அமிலமும் கன்வெர்ட்டரும்

துருவைக் கருப்பாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டரில் பாஸ்பாரிக் அமிலமோ டேனிக் அமிலமோ இருக்கும். செதிலைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் மெல்லிய துருவின் மேல் தடவினால் நன்றாக வேலை செய்யும். கெட்டித் துருவில் மேல்தோல் மட்டும் மாறும், கீழே உயிரோடு இருக்கும். மடிப்புக்குள் நான் இதை விடமாட்டேன். உள்ளே போகும், ஆனால் கழுவி எடுக்க வழியில்லை. மிஞ்சிய பாஸ்பாரிக் அமிலம் எபாக்ஸியின் பிடிப்பைக் கெடுக்கும், ஹார்டனரோடு அதற்கு ஒத்துப்போகாது. கதவை அமிலத் தொட்டியில் முக்கி எடுப்பதிலும் இதே அபாயம் பெரிய அளவில் உண்டு. பளபளவென்று வரும், பெயிண்ட் அடித்துப் பல மாதம் கழித்து மடிப்பிலிருந்து கசியும்.

மெழுகும் ஆட்டுக் கொழுப்பும்

கதவு போன்ற உள்ளறைகளுக்கென்றே செய்த மெழுகுகள் உண்டு. பிரிட்டனில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வாக்ஸாயில் என்ற பெயர் நன்றாகப் பழகியது. சுவீடனில் தோன்றிய டினிட்ராலும், 3எம் நிறுவனத்தின் மெழுகும் உலகம் முழுவதும் பட்டறைகளில் இருக்கின்றன. டெட்ராய்ட் நகரில் கர்ட் சீபார்ட் என்ற மெக்கானிக் 1959இல் துருத் தடுப்பையே ஒரு தனித் தொழிலாகத் தொடங்கினார் என்றால், குளிர்நாடுகளில் சாலையில் கொட்டும் உப்பு கார்களை எப்படித் தின்றிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நமக்குச் சாலை உப்பு இல்லை, கடல் இருக்கிறது.

இந்த மெழுகு ஒரு கரைப்பானில் தண்ணீர் மாதிரி கரைந்து வரும். அடித்தவுடன் மடிப்புக்குள் ஊர்ந்து ஏறும். கரைப்பான் ஆவியானபின் ஒட்டும் பதத்தில் மெல்லிய படலமாக நிற்கும். இறுகி வெடிப்பதில்லை. லேசான துரு இருந்தாலும் அதை நனைத்து, ஈரமும் காற்றும் போகாமல் மூடிவிடும். என் கேள்விக்கு 'போகும், போய் அங்கேயே நிற்கும்' என்று பதில் சொன்னது இதுதான்.

நம் வெயிலுக்கு ஒரு கவனம் வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் தகட்டில் கை வைக்க முடியாது. குளிர்நாட்டுக்குச் செய்த மென்மையான மெழுகு அந்தச் சூட்டில் இளகி, வடிகால் ஓட்டை வழியாகச் சொட்டும், சில சமயம் ஓட்டையிலேயே உறைந்து அடைக்கும். வாங்கும்போது எத்தனை டிகிரி வரை வழியாது என்று டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மெழுகுவத்தியை டர்பன்டைனில் கரைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது காய்ந்ததும் வெடிக்கும், அடுப்பில் வைத்துக் கரைத்தால் தீப்பிடிக்கும். வேண்டாம்.

இன்னொரு வகை லானலின், அதாவது ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. ஃப்ளூயிட் ஃபிலிம் என்ற தயாரிப்பு இந்த வகை. கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீர் நிரப்பும் பாலாஸ்ட் தொட்டிக்குள் பூசுகிற பொருள், உப்புத் தண்ணீருக்கு அஞ்சாது. மெழுகைவிட இன்னும் நன்றாக ஊரும், காயவே காயாது. கீறல் விழுந்தாலும் தானே ஓடி மூடிக்கொள்ளும். அதன் பலமே அதன் குறையும். காயாததால் தூசி ஒட்டும், வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும், எண்ணெய் தாங்காத ரப்பரை உப்பவைக்கும், முதல் சில நாள் காருக்குள் ஈர ஆட்டு வாசனை இருக்கும். பெரிய வேலை எதுவும் செய்யாமல், கதவைப் பிரிக்காமல், இருக்கிற துருவை நிறுத்தி வைத்தால் போதும் என்பவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

என் நான்கு கதவுகள்

வலது முன் கதவின் வெளித் தகட்டை முழுதாகக் கழற்றினோம். மடிப்பை ஓரத்தில் கிரைண்டரால் மெல்ல அரைத்தால் வெளித்தகடு தனியாக வந்துவிடும். உள்சட்டத்தை வெறும் இரும்பாகத் தேய்த்து, அன்றைக்கே எபாக்ஸி அடித்தோம். சென்னை ஈரத்தில் தேய்த்த தகட்டை ஓர் இரவு விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். புதுத் தகட்டின் உள்பக்கமும் எபாக்ஸி. மடிப்பதற்கு முன் விளிம்பில், இடைவெளியை அடைக்கும் பசையான சீலண்ட் ஒரு கோடு, அதன் மேல் தகட்டைத் தட்டி மடித்தோம். பெயிண்ட் எல்லாம் முடிந்தபின் உள்ளே மெழுகு.

இடது பின் கதவு, அந்த அப்பளக் கதவு, அடியில் ஒட்டுப் போட்டது. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள், நானும் கொஞ்சம் விட்டேன். வெல்டிங் சூடு பட்ட இடத்தின் பின்பக்கத்தில் இருந்த பூச்சு எல்லாம் எரிந்து, கருஞ்செதிலோடு வெறும் இரும்பு நிற்கும். வெளியே அரைத்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து அழகாக்குகிறோம். பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. புது ஒட்டு இரண்டே வருடத்தில் மறுபடியும் பொங்குவதற்கு அதுவே காரணம். கம்பி பிரஷ் எட்டிய வரை தேய்த்துவிட்டு, மெழுகை இரண்டு முறை, ஒரு நாள் இடைவெளி விட்டு அடித்தேன்.

தார் உரித்த இடது முன் கதவின் அடித்தட்டில் பி.ஓ.ஆர்.15 வகைப் பூச்சை பிரஷால் தடவி, மடிப்பின் ஓரத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டு, மேலே மெழுகு. வலது பின் கதவுக்கு வெறும் லானலின்.

மூன்று வடகிழக்குப் பருவமழை கழித்துப் பேடுகளைக் கழற்றினேன். போனில் மாட்டும் சின்னக் கேமரா ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தேன். வலது முன் கதவு போட்டது போட்டபடி இருந்தது. இடது முன் கதவும் அப்படியே. வலது பின் கதவில் புதுத் துரு இல்லை, ஆனால் இரண்டாம் வருடம் திரும்ப அடிக்க மறந்திருந்தேன், மேல்பக்கம் கொழுப்பு மெலிந்து தகடு தெரியத் தொடங்கியிருந்தது. ஒட்டுப் போட்ட கதவில், பூட்டுக்குக் கீழே மூலையில், மெழுகுக் குழாய் வளைந்து எட்டாத இடத்தில், வெல்டிங் கோட்டின் கடைசி ஓர் அங்குலத்தில் நூல் போல ஒரு துருக்கோடு. அன்றைக்கே பூட்டைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக அடித்தேன்.

எனவே என் தேர்வு இது. வெளித் தகடு கழன்றால் எபாக்ஸி, சீலண்ட், கடைசியாக மெழுகு, மூன்றும். எபாக்ஸி அடித்தாயிற்றே என்று மெழுகை விடாதீர்கள், தட்டி மடிக்கும்போது விளிம்பில் எந்தப் பூச்சும் வெடிக்கும். தகடு கழலாவிட்டால் சுரண்டி, காயவைத்து, மெழுகு மட்டும். அந்தப் பணத்தில் எபாக்ஸி வாங்கி ஓட்டை வழியாக ஊற்றாதீர்கள். வண்டியைக் கடல் பக்கம் வெளியில் நிறுத்துபவர், வருடா வருடம் பேடைக் கழற்றச் சலிக்காதவர் என்றால் லானலின், மெழுகைவிட ஒரு படி மேல். வருடக்கணக்கில் பேடைத் தொடமாட்டேன் என்பவருக்கு மெழுகு.

அடிக்கும்போது

எல்லாப் பெயிண்ட் வேலையும் முடிந்த பிறகே மெழுகு. முன்னால் அடித்தால் மெழுகின் துளி பறந்து தகட்டின் வெளியே படியும், பெயிண்ட் அங்கே மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும். என் பெயிண்டர் ஸ்ப்ரே டப்பாவைக் கையில் பார்த்ததுமே "அதை இந்தப் பக்கமே கொண்டு வராதீங்க சார், நான் முடிச்சிட்டுப் போனப்புறம் எடுங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். பெயிண்ட் இறுக ஒரு வாரமாவது விடுங்கள்.

கதவு எலும்பு வரை காய்ந்திருக்க வேண்டும். நான் வைகாசி வெயிலில் பேடு இல்லாமல் இரண்டு நாள் திறந்து வைத்தேன். டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள், வெடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் மெழுகு நன்றாக ஓடும். கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டு, சுற்றிலும் பீய்ச்சும் முனை உள்ள நீளக் குழாயை அடி மூலை வரை விட்டு, இழுத்துக்கொண்டே அடியுங்கள். ஒரு கதவுக்கு எனக்கு ஏறக்குறைய கால் லிட்டர் பிடித்தது. கதவு வண்டியிலிருந்து கழன்றிருந்தால் ஓர் இரவு மடிப்பு கீழே வரும்படி நிறுத்தி வையுங்கள், மெழுகு தானாகவே மடிப்பில் போய் உட்காரும்.

மறுநாள் காலை மறக்காமல் வடிகால் ஓட்டை ஒவ்வொன்றிலும் விளக்குமாற்று ஈர்க்குச்சியை விட்டுக் குத்துங்கள். கம்பி விட்டால் பூச்சு கீறும், ஈர்க்குச்சி கீறாது.

பேடை மாட்டுவதற்கு முன் கெட்டியான பாலிதீன் தாளை உள்சட்டத்தில் ஒட்டி, அதன் அடி ஓரத்தைக் கதவுக்குள் செருகிவிட வேண்டும். தாளில் பட்டு வழியும் நீர் கதவுக்குள்ளேயே விழுந்து வடிகாலுக்குப் போகும். பழைய வண்டிகளில் இந்தத் தாள் எப்போதோ கிழிந்து காணாமல் போயிருக்கும், யாரும் திரும்ப ஒட்டியிருக்கமாட்டார்கள். ஹார்டுபோர்டு பேடின் பின்பக்கத்துக்கு ஒரு கை வார்னிஷ்.

இப்போது ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியின் மேல் மெதுவாக ஊற்றிவிட்டுக் கீழே குனிந்து பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் கதவின் அடியில் மூன்று இடத்திலும் சொட்ட வேண்டும். போன வருடம் வலது பின் கதவில் இரண்டில்தான் சொட்டியது. மூன்றாவதில் ஈர்க்குச்சியை விட்டேன், ஒரு வேப்பம்பூக் காம்பு வந்தது, பின்னாலேயே தண்ணீரும்.